வாய் மட்டும் கடைசியில்

கண்ணாடிக்கடை அக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று அவளுடைய அப்பா சொல்வார். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர், ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லமாட்டார். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை வெளியே வந்து நின்றுவிட்டுப் போவாள். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் அவர், "நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட்கூட ஏதாவது ஒரு மாடியில நிக்குது. நீ எந்த மாடியில நிப்பே?" என்று கேட்டாராம். அதற்கும் அவள் நின்று பதில் சொல்லவில்லை.

கடை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் செருகி வைத்தாற்போல இருக்கும். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களை அக்கா ஸ்டூலில் உட்காரவைத்து, மூக்கின் மேல் சின்ன ஸ்கேலை வைத்து, ஒரு கருவிழிக்கும் மற்றதுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்வாள். கண்ணாடி தயாராகி வந்ததும் ஃபிரேமின் காதுக் கம்பியைச் சூட்டுப் பெட்டியில் காட்டி இளக்கி, வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி வளைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. எந்த மனுஷருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பது அதில் அவள் கண்டுகொண்டது. கல்யாணப் போட்டோவில் சிலை மாதிரி நிற்கிறவர்கள்கூட ஸ்டூலில் உட்கார்ந்ததும் கோணல்தான். இந்தக் கோணல்களின் மேல் அவளுக்கு ஒரு தனிப் பிரியம். யாரையாவது அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் பேரைச் சொல்லமாட்டாள்; "அதான், வலது காது மேல ஏறினவர்" என்பாள்.

குரோஷா என்கிற கொக்கிப் பின்னல் அவள் கைக்கு வந்தது பொழுது போகாமல். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். செல்போனை எடுத்தால் முதலாளி முறைப்பார், நூலை எடுத்தால் முறைக்கவில்லை. கொக்கி ஊசி ஒன்றும் உல்லன் உருண்டை நாலும் வாங்கி, படம் போட்ட புத்தகம் ஒன்றைப் பார்த்து மேஜை விரிப்பு பின்னத் தொடங்கினாள். பதினாறு கண்ணி போடு, திருப்பு, மறுபடி பதினாறு போடு என்றது புத்தகம். மூன்றாவது வரிசைக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. புத்தகத்தை மூடிவிட்டு ஊசியை அதன் போக்கில் விட்டாள். ஓர் இடத்தில் கண்ணிகளை நெருக்கிப் போட்டதில் நடுவே ஒரு மேடு எழும்பியது. "அட, இது மருந்துக் கடைக்காரர் மூக்கில்ல!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது, பத்து வருஷமாக விடவில்லை.

அதன்பிறகு மாதிரி, எண்ணிக்கை, வரிசை எதுவும் கிடையாது. மூக்கில் தொடங்குவாள். வளைந்து வளைந்து கன்னத்துக்கு வருவாள், கண் குழியில் இறங்குவாள், நெற்றிக்கு ஏறுவாள். ஒரு நூல் தீர்ந்தால் அடுத்த நிறத்தை அதன் நுனியில் முடிந்துகொண்டு போய்க்கொண்டே இருப்பாள். துண்டு துண்டாகப் பின்னி ஒட்டுப்போடுவது அவளுக்குப் பிடிக்காது. தோலுக்குத் தோல் நிறம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கண்ணுக்குக் கீழே கத்திரிப்பூ நிறம் வரும், தாடைக்கு அடியில் பாசிப்பச்சை வரும், நரைத்த புருவத்துக்கு மூட்டை கட்டுகிற சணல் வரும். கிட்டத்தில் பார்த்தால் எலி கடித்த கம்பளி. நாலடி தள்ளி நின்றால் ஆள் நிற்பார்.

வாய்க்கு மட்டும் ஓர் ஓட்டையை விட்டுவைப்பாள். எதிரே உட்கார்ந்த ஆள் பேசாமல் இருந்தால்தானே வாயைப் பார்க்க முடியும்? மற்றதையெல்லாம் ஆளைப் பார்த்துப் பின்னிவிட்டு, வாயைக் கடைசியில், வீட்டுக்கு வந்து, ஞாபகத்திலிருந்து பின்னி ஓட்டையை அடைப்பாள். அதற்குள் அடுத்த முகத்தின் மேல் ஆசை வந்திருக்கும். கை பறக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வினை இங்கேதான் இருந்தது.

பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். "அப்படியே இருக்கு" என்பார்கள். சிலர் கொஞ்சம் இழுத்து, "ஆனா நான் இவ்வளவு கடுகடுன்னா இருக்கேன்?" என்றும் கேட்பார்கள். "முகம் பொய் சொல்லாது" என்று அக்கா ஒரே போடாகப் போடுவாள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். இத்தனை வருஷம் முகங்களை அளந்தவளிடம் யார் வாதாடுவது?

அவளுக்கு ஒரே தங்கை, ஏழு வயது இளையவள். அம்மா தவறியபோது தங்கைக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து தலை வாரிச் சடை போட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டதெல்லாம் அக்காதான். தங்கையின் முகத்தைப் படித்த அளவுக்கு அவள் பாடப்புத்தகத்தைப் படித்ததில்லை. காய்ச்சல் வரப்போவதும், பொய் சொல்லப்போவதும், அழப்போவதும் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். தங்கைக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. முதலில் சிரிப்பாள், அப்புறம்தான் விஷயம். போனை எடுத்தால் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பஸ்ஸை விட்டாளா, பர்ஸைத் தொலைத்தாளா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தங்கை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பத்துப் பேர் நடுவில் அவர் வாயைத் திறக்கமாட்டார். தங்கையின் காதோரம் மட்டும் குனிந்து ஏதாவது சொல்வார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "என்னடி சொன்னார்?" என்று அக்கா உடனே கேட்பாள். "ஒண்ணுமில்லக்கா" என்று இன்னும் சிரிப்பாள். அந்த ஒண்ணுமில்லை அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைத்தது.

தங்கைக்கு நாற்பது வயது நிறைந்த அன்றைக்கு அக்கா அவளுடைய முகத்தைப் பின்னிக் கொண்டுபோனாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தங்கையை எதிரில் உட்காரவைத்துப் பின்னியது. வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். மேஜையில் கேக் இருந்தது. படத்தைச் சோஃபாவுக்கு மேலே ஆணியில் மாட்டி, எல்லோரும் நாலடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

தங்கையின் மாமியார்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, எங்க வீட்டுல இவளுக்கு என்ன குறை வச்சோம்? அழப்போறவ மாதிரியில்ல இருக்கா!"

தங்கை சிரித்துக்கொண்டே திரும்பினாள். "அக்கா, நான் இப்படியா இருக்கேன்?"

'தூக்கக் கலக்கத்துல பின்னிட்டேன்டி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கேக்கை வெட்டியிருப்பார்கள். அக்காவுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"இருக்கறதைத்தான் பின்ன முடியும்" என்றாள். "முகம் பொய் சொல்லாது. நீ சிரிச்சுச் சிரிச்சு மறைக்கிறே. நூலுக்கு மறைக்கத் தெரியாது."

தங்கையின் கணவர் கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் படம் ஒரு துணிப்பையில் திரும்பி வந்தது. அதோடு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதற்குப் பிறகு தங்கை போனை எடுக்கவில்லை, வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. அக்கா சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்தால் அவள் அக்கா இல்லையே. முகத்துக்கு மேல் முகமாகப் பின்னித் தள்ளினாள். தையல்காரர், பஸ் கண்டக்டர், கடை முதலாளி, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் அம்மா என்று அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்தாள். பஸ்ஸில் போகும்போதுகூட முன் சீட்டுக்காரரின் பிடரியைப் பின்னினாள். கடைக்குப் போகிற பஸ் தங்கையின் தெரு முனையில் நிற்கும். தினமும் காலையில் அந்த நிறுத்தம் வருவதற்கு முன்பே அக்கா எழுந்துவிடுவாள், பஸ் நின்றதும் உட்கார்ந்துவிடுவாள். "அக்கா, இறங்குறதுன்னா இறங்குங்க, இல்லைன்னா ஒரேயடியா உட்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்று கண்டக்டர் சத்தம் போடுவார்.

அவள் ஏன் இறங்கவில்லை? காத்திருந்தாள். என்றைக்காவது தங்கை பெட்டியும் கையுமாக வந்து நிற்பாள், மடியில் விழுந்து அழுவாள், "நீ சொன்னது சரிதான்க்கா" என்பாள் என்று காத்திருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்கு வந்த ஆட்டோவாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பொது நூலகத்துக்குப் புதிதாக வந்த நூலகர் அம்மா கண்ணாடி மாற்ற வந்தார். கடைச் சுவரில் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளியையும் பார்த்தார். "வாசிப்பறைச் சுவர் சும்மாதான் இருக்குங்க. ஒரு மாசம் உங்க முகங்களை அங்க மாட்டுங்களேன். சனிக்கிழமை நாலு மணிக்குத் திறந்து வச்சுடலாம்" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. செய்து கொடுத்த முகங்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப இரவல் வாங்கினாள். பத்து சேர்ந்தது. பதினோராவது பீரோவுக்கு மேலே துணிப்பையில் கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

புதன்கிழமை காலையில் கணவர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டினார். அக்கா கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள், ஏணியைப் பிடித்தாள், விட்டாள், ஓடிப்போய்த் தள்ளி நின்று பார்த்தாள், மறுபடி வந்து பிடித்தாள். "ஏணியை விடாதே, விழுந்தா என் முகத்தை நீ புதுசாப் பின்னணும்" என்று அவர் சொன்னார். பத்தும் மாட்டியாயிற்று. அவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பத்துப் பேருக்கும் ஒரே நாள்ல பல்லுவலி வந்துச்சா?"

"என்ன கிண்டலா?"

"கிண்டல் இல்ல. நாலாவது நான்தானே? எனக்குப் பாதிப் பல்லே இல்ல, எனக்கு எதுக்கு வலி?"

அக்கா பார்த்தாள். இதுவரை அவற்றை அவள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. ஒன்று முடிந்ததும் அது ஒரு வீட்டுக்குப் போய்விடும், அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள். இப்போது பத்தும் வரிசையில் நின்றன. பத்து விதமான மூக்கு. பத்து விதமான காது. புருவங்கள் ஒன்றைப் போல ஒன்று இல்லை. வாய் மட்டும் ஒரே வாய். இடது ஓரம் கீழே இழுத்து, உதடு இறுகி, ஏதோ சொல்ல வந்து விழுங்கினாற்போல. தையல்காரருக்கும் அதுதான், கண்டக்டருக்கும் அதுதான். வாட்ச்மேன் அம்மா நாள் முழுக்க வெற்றுப் பேச்சுப் பேசிச் சிரிக்கிறவர், அவருக்கும் அதே வாய்.

"ஓட்டையை இடப்பக்கத்துல இருந்து அடைக்கிறேனா, கை இறுகிப்போய் அந்தப் பக்கம் இழுத்திருக்கு" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"சரி. ஆனா இது யார் வாய்னு தெரியலையா உனக்கு?"

"யாரு?"

"நான் சொன்னா அடிப்பே. கடைக்குப் போய் முகம் பார்க்கிற கண்ணாடியை எடு. ஊசியும் கையில இருக்கட்டும்."

அன்றைக்கு இரண்டு மணிக்குக் கடையில் ஆள் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு நீட்டுகிற சதுரக் கண்ணாடியை அக்கா மேஜையில் நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷமாக அதை மற்றவர்கள் பக்கம்தான் திருப்பியிருக்கிறாள். ஒரு துண்டு நூலை எடுத்து அவசர அவசரமாகப் பின்னினாள். பத்துக் கண்ணி போனதும் தலையைத் தூக்கினாள். கீழுதட்டை இடது ஓரத்தில் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டு ஒருத்தி கண்ணாடியில் இருந்தாள். நூலகச் சுவரில் தொங்கிய பத்துப் பேரின் வாயும் அவளிடம் இருந்தது. அக்கா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினாள். தங்கையின் முகம் கசங்கியிருந்தது. தட்டி நேராக்கினாள். கண்கள் தங்கையுடையவை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற கண்கள். அவளே பார்த்துப் பார்த்துப் பின்னியவை. வாய் தங்கையுடையது இல்லை. அந்த வாயைப் பின்னிய நாள் அக்காவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. மூன்றாவது ஞாயிறு. அழைத்துப் போக வந்த கணவர் வாசலில் நின்றபடி ஏதோ காதில் சொல்ல, தங்கை அக்காவிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து பின்னியதுதான் இந்த வாய். சடை போட்டு வளர்த்தவளுக்கு இனி அக்கா வேண்டியதில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் நூலில் இறங்கியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய் இருபது பேர் நடுவில் தங்கையின் துக்கம் என்று மாட்டியிருக்கிறாள். அதோடு விட்டாளா? அந்தத் துக்கம் பெட்டியோடு தன் வாசலுக்கு வர வேண்டும் என்று ஒன்றரை வருஷம் ஆட்டோச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது, தெரு முனை நிறுத்தத்தில் அக்கா துணிப்பையோடு இறங்கிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊத மறந்து பார்த்தார்.

பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்த தங்கை கதவைத் திறந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் இளைத்துப்போகவில்லை, வாடவும் இல்லை. வாயின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கீழே இழுத்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. முகங்களை மில்லிமீட்டரில் பார்க்கிறவளுக்குத் தெரிந்தது. படம் பொய் என்று சொல்ல வந்திருக்கிறாள், படம் இதற்குள் நிஜமாகியிருந்தது.

"செருப்பை வெளிய விட்டுட்டு வா" என்றாள் தங்கை. ஒன்றரை வருஷம் கழித்து முதல் பேச்சு அதுதான். சிரிப்பு முன்னால் வரவில்லை.

வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அக்காவை அம்போ என்று விட்டுவிட்டுப் போயின. பையைச் சோஃபாவில் வைத்தாள், எழுந்தாள், ஜன்னல் வரைக்கும் போய் வந்தாள்.

"அந்த வாய் என்னுதுடி" என்றாள்.

"என்னது?"

"படத்துல இருக்கறது உன் வாய் இல்ல. என் வாய். பின்னின எல்லாருக்கும் அதையேதான் வச்சிருக்கேன். நேத்துதான் தெரிஞ்சுது. நீ அப்படி இல்லடி. நான்தான் அப்படி."

தங்கை சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"தினமும் காலையில தலை வாரும்போது இந்தப் பக்கம் இழுக்குதான்னு பாக்குறேன்க்கா. அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சா, பாதியில, இது நிஜச் சிரிப்பா, மறைக்கிற சிரிப்பான்னு ஒரு யோசனை வந்துடும். சிரிப்பு அப்படியே நின்னுடும். அவர் இப்ப சொல்றதையே விட்டுட்டார். 'உங்க அக்காவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே, என்ன குறைன்னு சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ஒண்ணும் இல்லைன்னா நம்பலை. கடைசியில கேக்கறதையும் விட்டுட்டார்."

"நீயாவது எனக்குப் போன் பண்ணித் திட்டியிருக்கலாமே."

"எப்படித் திட்டுவேன்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்கே பயம். என் முகத்தை என்னைவிட உனக்குத்தானேக்கா தெரியும்?"

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே. பையைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தாள். வாயோரத்தில் கடைசி முடிச்சைத் தேடிக் கத்தரியால் நறுக்கி, நுனியைத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"இழு. வாய் மட்டும் வந்துடும்."

தங்கை இழுத்தாள். கண்ணிகள் டக்டக்கென்று விட்டுக்கொண்டே போயின. இடது ஓரம் போயிற்று, கீழுதடு போயிற்று, மேலுதடு போயிற்று. ஓட்டை மட்டும் நின்றது. அக்கா கையை நீட்டினாள், போதும் என்பதுபோல. தங்கை நிறுத்தவில்லை. முகவாயை இழுத்தாள். தாடையின் பாசிப்பச்சை அவிழ்ந்து வந்தது. கன்னம், காது, நெற்றி. ஒரு நிறத்தின் முடிச்சு வந்தால் பல்லால் கடித்துவிட்டு அடுத்ததை இழுத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் கண்களும் போயின, அவை சரியாக இருந்த கண்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தாள். மூக்கின் முதல் கண்ணியும் விட்டதும் தங்கையின் மடி நிறைய நூல் கிடந்தது.

தங்கை ஓர் இழையை எடுத்துப் பார்த்தாள். "ஏன் இப்படி நெளிநெளியா இருக்கு?"

"ரொம்ப நாள் பின்னலா இருந்த நூல் அப்படித்தான் இருக்கும். தண்ணியில நனைச்சு, நுனியில கனம் கட்டித் தொங்கவிட்டா நேராகும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நூலைப் பொறுத்தது" என்றாள் அக்கா. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. பிரித்த நூல் நேராகும்வரை அவள் என்றைக்குமே பொறுத்ததில்லை.

வாசல்வரை வந்து தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சந்தோஷமா இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னே. தப்புன்னு மட்டும் என்கிட்ட தனியா வந்து சொல்றியா?"

அக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அடித்தது நியாயமாகவும் இருந்தது. "சனிக்கிழமை நாலு மணிக்கு லைப்ரரிக்கு வா. மாப்பிள்ளையையும் அத்தையையும் கூட்டிட்டு வா" என்றாள்.

"வருவாங்களான்னு தெரியாது."

"நீ சொல்லு."

வெள்ளிக்கிழமை முழுக்க அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து வாயையும் பிரித்து ஒரே நாளில் புதிதாகப் பின்னிவிடுவதாகக் கிளம்பினாள். கணவர் வழியை மறித்தார். "இன்னிக்கு இருக்கிற அவசரத்துல நீ பத்து வாய் பின்னினா, பல்லுவலி போய் வயித்துவலி வந்துடும் அவங்களுக்கு. விட்டுடு." விட்டுவிட்டாள். அதற்குப் பதில் அட்டையும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். எழுதினாள், கிழித்தாள். ஏழாவது அட்டைதான் தேறியது.

சனிக்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். முகத்துக்குச் சொந்தக்காரர்கள் அவரவர் முகத்துக்குக் கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருடைய கண்ணும் கடைசியில் வரிசையின் நடுவே இருந்த அட்டைக்கு வந்தது. 'முகம் அவரவருடையது. வாய் மட்டும் பின்னியவளுடையது.' தையல்காரர் உரக்க வாசித்துவிட்டு, "அதானே பார்த்தேன்! ஒரு வருஷமா என் சம்சாரம் என்னைச் சிடுமூஞ்சின்னு இதைக் காட்டியே திட்டுறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலேகால் ஆயிற்று. நாலரைக்கு நூலகர் அம்மா மைக்கைத் தட்டிக் கையில் கொடுத்தபோது, செய்தித்தாள் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். தங்கை நடுவில் இருந்தாள். இரண்டு பக்கமும் அவள் கணவரும் மாமியாரும். மாமியார் போட்டிருந்தது அக்கா மாட்டிவிட்ட கண்ணாடிதான்.

மைக் கொஞ்சம் கீச்சிட்டது.

"முகம் பொய் சொல்லாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் அக்கா. "முகம் சொல்லலை. நான்தான் சொன்னேன். இங்க இன்னொரு படம் இருந்திருக்கணும், என் தங்கச்சி முகம். அவ வீட்டுல, அவ பிறந்த நாள் அன்னிக்கு, இருபது பேர் முன்னாடி, அவ சந்தோஷமா இல்லைன்னு நான் சொன்னேன். அது தப்பு. அவ சந்தோஷமாத்தான் இருந்தா. அதைப் பொறுக்க முடியாம இருந்தது நான்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, சரி, அதுக்கு மைக்லயா சொல்லணும்" என்று முணுமுணுத்தார். அது அறை முழுவதற்கும் கேட்டது. தங்கை அசையாமல் நின்றாள். அவள் கணவர் தரையைப் பார்த்தார், சுவரில் இருந்த பத்து வாய்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, கடைசிவரை. பிறகு மெதுவாகக் குனிந்து தங்கையின் காதோரம் ஏதோ சொன்னார்.

தங்கை கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு நொடி அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு சிரித்தாள். முன்பு மாதிரி முந்திக்கொண்டு வந்த சிரிப்பு இல்லை. தயங்கி, வரலாமா என்று பார்த்துவிட்டு வந்த சிரிப்பு. வந்தபிறகு நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கணவரின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

என்ன சொன்னார் என்று கேட்க அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. மைக்கை நூலகர் அம்மாவிடம் கொடுத்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கேட்கவில்லை.